ஆடிக் காற்று ஒரு செம்பு

முன்னொரு காலத்தில் என்றுதான் இந்த மாதிரிக் கதையைத் தொடங்குவார்கள். நானும் அப்படியே தொடங்குகிறேன். ஆனால் அந்த முன்னொரு காலம் இனிமேல்தான் வரப்போகிறது!

நிலக்கரியையெல்லாம் எரித்துத் தீர்த்துவிட்டு, மின்சாரத்துக்கு ராட்சதக் காற்றாடிகளை நம்பிப் பிழைத்த ஒரு நாடு இருந்தது. ஆடியில் காற்று ஆளையே தூக்கும். தெருவெல்லாம் விளக்கு ஜொலிக்கும். பங்குனியில் ஓர் இலை அசையாது. நாடே இருட்டில் கிடக்கும்.

ஒரு பங்குனியில் சிம்மாசனத்துக்கு மேலே சுழன்ற விசிறி நின்றுபோய், மன்னருக்கு வியர்த்துக் கொட்டியது. உடனே தம் விகடகவியை அழைத்தார்.

"அங்கண்ணா, ஆடியில் வீணாகப் போகும் காற்றை எடுத்து வைத்து, அடுத்த பங்குனிக்கு எனக்குக் கொடு!"

சபை சிரித்தது. அங்கண்ணன் சிரிக்கவில்லை. அந்த வாரம்தான் பிரசவ விடுதியில் விளக்கு அணைந்து, மருத்துவச்சி இருட்டில் தடுமாறி, அவன் மனைவி செங்கமலம் தலைப்பிள்ளையைப் பறிகொடுத்திருந்தாள்.

ஆடி வந்தது. தேவைக்குமேல் சுழன்ற காற்றாடிகளின் சக்தியைக் கொண்டு அங்கண்ணன் தண்ணீரைப் பிரித்தான். அதிலிருந்து கிளம்பிய லேசான வாயுவைப் பூமிக்கடியில் உப்புப் பாறையில் குடைந்த பழைய குகைக்குள் செலுத்தி, வாயை இறுக மூடினான். பங்குனியில் அதை எரித்துச் சக்கரம் சுழற்றினால் விளக்கு எரியும். செங்கமலம் மறுபடி முழுகாமல் இருந்தாள். அவளுக்கும் பங்குனியில்தான் நாள் குறித்திருந்தார்கள்.

மாசி முடியும் தறுவாயில் அமைச்சர் கனகசபேசருக்கு வயிறு எரிந்தது. ஒரு விகடகவிக்கு இவ்வளவு பேரும் புகழுமா?

"மன்னர் மன்னா! அந்தக் குகையில் நிறமில்லை, மணமில்லை, சத்தமில்லை. வெறும் பொந்துக்குப் பூட்டுப் போட்டுத் தங்களை ஏமாற்றுகிறான். உள்ளே ஏதாவது இருந்தால் ஒரு செம்பில் கொண்டு வரட்டும். இருப்பது அத்தனையையும் நானே குடித்துவிடுகிறேன். இது சத்தியம்!"

மன்னருக்கும் பார்க்க ஆசை வந்துவிட்டது. "நாளை மதியத்துக்குள் குகையில் இருப்பது ஒரு செம்பு நிறைய என் கைக்கு வர வேண்டும். இல்லையென்றால் மூடியைப் பெயர்த்துவிட்டு நானே எட்டிப் பார்ப்பேன்."

அங்கண்ணன் கவலையோடு வீடு திரும்பினான். மூடியைப் பெயர்த்தால் ஓர் ஆடி முழுவதும் வானத்தில் போய்விடும். பங்குனியில் விடுதி மறுபடி இருண்டுவிடும். செம்பில் பிடித்தால் அது நிற்குமா? அரசர் குனிவதற்குள் பறந்துவிடும். யோசித்து யோசித்து, சமையற்கட்டில் உலைமூடியிலிருந்து நீர் சொட்டுவதைப் பார்த்தவன், துள்ளி எழுந்தான்.

மறுநாள் உச்சிவெயிலில், குகையிலிருந்து வந்த மெல்லிய குழாயின் நுனியை அரண்மனை முற்றத்தில் பற்றவைத்தான்.

"எங்கே நெருப்பு? கண்ணுக்குத் தெரியவில்லையே! காற்றும் பொய், நெருப்பும் பொய்!" என்று அமைச்சர் குழாயருகே கையை வீசினார். பட்டு உத்தரீயத்தின் நுனி குப்பென்று பற்றிக்கொண்டது. காவலர்கள் ஓடிவந்து ஒரு குடம் தண்ணீரை அவர் தலையில் கவிழ்த்தார்கள்.

அங்கண்ணன் குளிர்ந்த செப்புப் பாத்திரங்களை மாற்றி மாற்றி நெருப்புக்கு மேலே பிடித்தான். அவற்றின் அடியில் வியர்வை போல முத்து முத்தாக நீர் அரும்பிச் சொட்டியது. பொறுமையாகச் செம்பை நிரப்பி மன்னரிடம் நீட்டினான்.

"இது தண்ணீர் அல்லவா?" என்றார் மன்னர்.

"ஆம் மன்னா. தண்ணீரைப் பிரித்துத்தானே உள்ளே வைத்தேன்! எரியும்போது அது காற்றோடு சேர்ந்து மறுபடி தண்ணீராகிறது. செம்பில் கேட்டீர்கள், செம்பில் நிற்கும்படி கொண்டு வந்தேன்." பிறகு நனைந்து நின்ற அமைச்சரைப் பார்த்துக் கைகூப்பினான். "அமைச்சர் பெருமானே, இது முதல் செம்பு. மிச்சம் ஓர் ஏரி அளவு இருக்கிறது. எப்போது குடிக்கத் தொடங்குகிறீர்கள்?"

மன்னர் சிரித்த சிரிப்பில் கிரீடம் சரிந்தது. அமைச்சர் அசடு வழிந்தபடி அந்த ஒரு செம்பை மட்டும் குடித்து முடித்தார். அன்று முதல் குகைக்கு அவரே காவல் என்று தீர்ப்பாயிற்று.

பங்குனி பிறந்தது. ஓர் இலை அசையவில்லை. ஆனாலும் விடுதியில் விளக்கு அசையாமல் எரிந்தது. மருத்துவச்சியின் கை தடுமாறவில்லை. வீல் என்று அழுதபடி ஒரு பெண் குழந்தை வந்தது. அங்கண்ணன் விகடமெல்லாம் மறந்து விம்மி அழுதான்.

குழந்தையைப் பார்க்க மன்னரே வந்தார். "பங்குனிக்காரியா?"

"பிறந்தது பங்குனியில், மன்னா. பிறந்த வெளிச்சம் ஆடியினுடையது."

மன்னர் மகிழ்ந்து, கழுத்து முத்துமாலையைக் கழற்றித் தொட்டிலில் வைத்தார். "இன்னும் என்ன வேண்டும், கேள்!"

"பக்கத்திலேயே இன்னொரு உப்புக் குகை இருக்கிறது, மன்னா. அடுத்த ஆடிக்கு அதுவும் வேண்டும்."

"தந்தேன்!"

பின்னால் நின்ற அமைச்சர் மெதுவாகக் கேட்டார்: "அதையும் என்னைக் குடிக்கச் சொல்ல மாட்டீர்களே?"

மன்னர் சிரித்த சத்தத்தில், அப்போதுதான் கண்ணயர்ந்திருந்த குழந்தை விழித்துக்கொண்டது.