ஒருத்திக்கான அளவு

பாங்காக்கில் அந்தச் சமையல் வகுப்புக்குக் குறைந்தது இரண்டு பேராக வரவேண்டும் என்று வாசல் பலகையில் எழுதியிருந்தது. திலகவதி தனியாக வந்திருந்தாள்.

"கூட வர்றவங்க பின்னாடி வர்றாங்களா அக்கா?" என்று பிம் கேட்டாள்.

"நான் மட்டுந்தானுங்க டீச்சர்."

பிம் அவளையும் சேர்த்துக்கொண்டாள்.

வகுப்பு நடத்தும் பிம் தாய்லாந்துக்காரி. முப்பத்தைந்து வயதிருக்கும். அங்கே ரத்தினக்கல் வியாபாரம் செய்த காயல்பட்டினத்துக்காரர்களின் மெஸ்ஸில் பத்து வருடம் சமைத்தவள். தமிழ் அந்த மெஸ்ஸில் படிந்தது. திலகவதிக்கு அறுபது. பொள்ளாச்சி தபால் ஆபீசில் பார்சல் எடைபோட்டு ஓய்வு பெற்றவள். மணமாகவில்லை.

முதலில் சந்தை. இரண்டு வெள்ளைக்காரத் தம்பதிகள் கூடையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார்கள். திலகவதி தன் கூடையை முழங்கையில் மாட்டிக்கொண்டாள்.

எலுமிச்சம்புல் கட்டுக்கட்டாக இருந்தது. அவள் ஒரு கட்டைப் பிரித்து ஒரே ஒரு தண்டை உருவினாள். கடைக்காரி ஏதோ சொல்லிச் சிரித்தாள்.

"என்னங்கறாங்க?"

"பல்லு குத்தவான்னு கேக்குறா."

கொத்தமல்லியை எடுத்ததும் திலகவதியின் விரல்கள் பழக்கத்தில் வேரைக் கிள்ளிப் போட்டன. பிம் குனிந்து வேர்களைப் பொறுக்கினாள்.

"இலை அப்புறம். மசாலாவுக்கு இதுதான் வேணும்."

"நாங்க குப்பையில போடறது."

"மெஸ்லயும் போடுவாங்க. நான் எடுத்து வச்சுக்குவேன்."

மீன் வரிசையைத் தாண்டும்போது திலகவதி நின்றாள். கைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள்.

"டீச்சர், எனக்கு எல்லாம் கிராம் கணக்குல வேணும். ஒருத்திக்கு."

"எதுக்கு?"

"எங்கம்மா இருந்தவரைக்கும் ரெண்டு பேருக்கு ஆக்கினேன். அவங்க போய் எட்டு மாசம் ஆச்சு. இன்னமும் கை ரெண்டு பேருக்குத்தான் அள்ளுது. பாதியைக் கொட்டறேன். குறைச்சுப் போட்டா ருசி வரமாட்டேங்குது."

பிம் கையிலிருந்த வேர்களைத் திலகவதியின் கூடையில் போட்டாள்.

"கோயமுத்தூர்ல வயசானவங்க குடியிருப்பு ஒண்ணு இருக்குது. மூணு வேளையும் கேரியர்ல வந்துருமாம். ரூம்ல அடுப்பு கெடையாது. படிவம் பையிலயே இருக்குது. ஊருக்குப் போனதும் கையெழுத்துப் போடணும். அதுக்கு முன்னால ஒருதடவை கத்துக்கிட்டுப் பாத்துரலாம்னு வந்தேன்."

"என்ன கத்துக்க?"

"ஒருத்திக்கு எப்படிச் சமைக்கறது?"

"வாங்க, நேரமாகுது" என்றாள் பிம்.

வகுப்பில் இரண்டு பேருக்கு ஒரு கல்லுரல். திலகவதிக்கும் ஒன்று வந்தது. அவள் கேட்டபடியே பிம் நிறுத்துக் கொடுத்தாள். இரண்டு பச்சைமிளகாய், பூண்டு ஒரு பல், அரத்தை ஒரு சீவல், விரல்கடை எலுமிச்சம்புல், ஒரு வேர். திலகவதி ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டாள். பக்கத்தின் தலைப்பில் 'ஒருத்திக்கு' என்று எழுதி அடிக்கோடு போட்டாள்.

இடித்தாள். குழவி பட்டதும் மிளகாய் ஓரத்துக்கு ஓடியது. வழித்து நடுவில் தள்ளினாள். மறுபடி ஓடியது. பக்கத்து மேசைகளில் சத்தம் மெத்தென்று கேட்டது. அவளுடையது மட்டும் கணீர் கணீரென்றது. அந்தத் தம்பதிகள் திரும்பிப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் இருந்தார்கள்.

கால் மணி நேரம் கழித்து பிம் வந்தாள். "நாக்குல வச்சுப் பாருங்க."

திலகவதி வைத்தாள். பல்லில் நறநறவென்றது.

"கல்லு" என்றாள் பிம். "நடுவுல ஒண்ணும் இல்ல. குழவி உரலைத்தான் இடிச்சிருக்கு."

"அப்ப இதைவிடச் சின்ன உரலா வாங்கிக்கறேன்."

"சின்னக் குழவிக்குக் கனம் இருக்காது அக்கா. மசியாது."

பிம் உரலைக் கழுவினாள். கை நிறைய மிளகாய், ஒரு முழுப் பூண்டு, தண்டுகள், கிள்ளிப்போட்ட வேர்கள் எல்லாவற்றையும் நிறுக்காமல் போட்டாள். குழவியை அவள் கையிலேயே கொடுத்தாள். இந்தமுறை குழவி தானாக இறங்கியது. மணம் வந்தது. திலகவதி நோட்டைப் பார்த்தாள். எழுதவில்லை.

தேங்காய்ப்பால் ஊற்றிக் குழம்பு கொதித்தபோது அது நாலு பேருக்கு இருந்தது.

சாப்பிட உட்கார்ந்தார்கள். திலகவதி குழம்புக் கிண்ணத்தைத் தன் தட்டோரம் இழுத்துக்கொண்டாள். பிம் அதைத் திரும்ப மேசை நடுவில் வைத்தாள்.

"இங்க சோறுதான் அவங்கவங்களது. குழம்பு நடுவுல இருக்கும். ஒரு கரண்டி எடுத்துத் தின்னுட்டு, அடுத்தவங்களும் எடுத்த பிறகு இன்னொரு கரண்டி."

"அடுத்தவங்க யாருங்க?"

ஒரு தம்பதி கூப்பிட, பிம் அந்தப் பக்கம் போய்விட்டாள். திலகவதி ஒரு கரண்டி எடுத்தாள். சாப்பிட்டாள். சற்று நேரம் காத்திருந்துவிட்டு இன்னொரு கரண்டி எடுத்தாள். ருசி வந்திருந்தது. அம்மா போனபின் இப்படி ஒரு வாய் சாப்பிட்டதில்லை.

எழுந்தபோது முக்கால் கிண்ணம் மிச்சம். அவள் அதைக் கொட்டும் இடம் தேடினாள். பிம் கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். குழம்பை மூன்று பிளாஸ்டிக் பைகளில் ஊற்றி, காற்றைப் பிடித்து, ரப்பர் பேண்டைச் சுற்ற ஆரம்பித்தாள்.

"டீச்சர், அடுத்தவங்க யாருன்னு நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் சொல்லலை."

"நீங்க தங்குற ஹோட்டல்ல உங்களுக்குப் பக்கத்து ரூம்ல யாரு?"

"யாரோ. அஞ்சு நாளாச் சுவத்துக்கு அந்தப்பக்கம் இருமறது கேக்குது. ஆளைப் பாத்ததில்லை."

"ஆம்பளையா, பொம்பளையா?"

திலகவதி யோசித்தாள். "தெரியலீங்க."

பிம் மூன்று பைகளையும் அவள் கையில் கொடுத்தாள்.

"சூடு ஆறுறதுக்குள்ள தெரிஞ்சுக்குங்க."