சாம்பல் பூசிய தவளை

"அக்கா, வெளிய போனவ திரும்ப வரமாட்டேங்குறா."

சொன்னவள் செண்பகவல்லி. இடது முட்டியில் பட்டை, கையில் லேப்டாப், மூஞ்சி நிறையக் கோபம். டயர் கடைக்கு மேல் இருந்த அந்த மாடி அறைக்கு நொண்டி நொண்டி ஏறி வந்ததில் மூச்சு வேறு வாங்கியது.

அறையில் இருந்தவள் மெஹருன்னிசா. கம்ப்யூட்டருக்கு ப்ரோக்ராம் எழுதச் சொல்லித் தருகிறவள். செண்பகத்தை விட மூன்றே வயசு மூத்தவள். ஆனாலும் கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொன்னதாகச் சரித்திரமே கிடையாது. அதனால் கபடிப் பிள்ளைகள் அவளுக்கு 'குருவே' என்று பேர் வைத்திருந்தார்கள். கும்பிட்டுக்கொண்டேதான் கூப்பிடுவார்கள்.

"யாரு வரமாட்டேங்குறா?"

"ரோசலின்."

"உங்க கேப்டனா? என்ன, கோவமா?"

"ஐயோ, ஆள் இல்லக்கா. அவ படம்."

விஷயம் இதுதான். அன்று சாயங்காலம் பெண்கள் கபடி இறுதி ஆட்டம். மைதான ஓரத்தில் பெரிய திரை. அதில் ஊர் அணியின் ஏழு முகங்களும் வரிசையாக நிற்கும். எவள் அவுட்டோ அவள் முகம் சாம்பல் நிறமாகும். நம்ம ஆள் பாடிப் போய் எதிராளியைத் தொட்டுவிட்டு வந்தால், வெளியே உட்கார்ந்திருப்பவள் ஒருத்தி உள்ளே வருவாள். அவள் முகமும் கலருக்குத் திரும்பணும்.

இதைச் செய்து தருகிறேன் என்று செண்பகம் ஊருக்கே சொல்லியாச்சு. முட்டி பிசகியதால் இந்த வருஷம் அவள் ஆட முடியாது. ஆடாதவளுக்கு மைதானத்தில் என்ன வேலை? தண்ணி பாட்டில் தூக்கலாம். துண்டு எடுத்துக் கொடுக்கலாம். அதற்கு வீட்டிலேயே கிடக்கலாம். திரை ஒழுங்காக ஓடினால் அவளும் ஆட்டத்தில் இருக்கிற மாதிரி.

ஓடாவிட்டால்? கமிட்டித் தலைவர் கோட்டைச்சாமி முன்னாடியே சொல்லிவிட்டார்.

"நகைக்கடை விளம்பரத்தப் போட்டுருவேன் பாப்பா. அப்புறம் அழக்கூடாது."

"சாம்பலாகுது," என்றாள் செண்பகம். "திரும்பக் கலர்தான் வரல."

"ஃபைல்ல இருந்து மறுபடி எடுத்துக்கயேன்."

"இந்த லேப்டாப்பா? இது ஃபைலைத் திறந்து முடிக்கிறதுக்குள்ள அடுத்த ஆள் பாடிட்டே வந்துருவா. அதான் எல்லாப் படத்தையும் ஆரம்பத்துலயே மெமரியில ஏத்தி வெச்சுட்டேன். ஒவ்வொருத்திக்கும் ரெண்டு. ஒண்ணுக்குப் பேரு 'வேலை'. சாம்பல் அடிக்கிறது அதுல. இன்னொண்ணு 'பத்திரம்'. அதைத் தொடவே மாட்டேன்."

"சரி."

"என்ன சரி? 'வேலை'யில அடிச்சா 'பத்திரமு'ம் சாம்பலாகுது! கை கூட வைக்கலக்கா!"

"பத்திரத்தை எப்படி உண்டாக்குன?"

"'பத்திரம்' சமம் 'வேலை'ன்னு எழுதினேன்."

மெஹர் எழுந்து போனாள். கரும்பலகைக்குக் கீழே இருந்த டஸ்டரை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"இங்க செண்பகவல்லின்னு ஒருத்தி இருக்காளா?"

"விளையாடாதீங்க. நான்தான்."

"தவளைன்னு ஒருத்தி?"

மைதானத்தில் அவளுக்கு அதுதான் பேர். தடுக்க வருகிறவளின் தலைக்கு மேலேயே தாவிப் போய்விடுவாள்.

"அதுவும் நான்தான்."

பொத்தென்று டஸ்டர் மூஞ்சியில் வந்து விழுந்தது. புருவம், மூக்கு, உதடு, எல்லாம் சாக்பீஸ் தூள்.

"அக்கா!"

"செண்பகவல்லி மூஞ்சி கெட்டுப்போச்சு. பரவாயில்ல, அவ இங்க உக்காரட்டும்," என்றாள் மெஹர். "தவளையை அனுப்பு. அவ மூஞ்சியில நான் கை கூட வைக்கல."

செண்பகம் திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். தூள் உள்ளே போனது. இருமினாள். இருமல் பாதியிலேயே சிரிப்பாக மாறியது.

"இருக்கறது ஒரே படம். நான் பேரைத்தான் ரெண்டா வெச்சிருக்கேன்!"

மெஹர் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. பலகையைத் துடைக்கப் போய்விட்டாள்.

படி இறங்கும்போது செண்பகத்துக்கு வகுப்புக்கு வந்த முதல் நாள் ஞாபகம் வந்தது. அன்றும் இப்படித்தான்.

புதுப் படம் ஒன்றை உண்டாக்கி, முழுக்கச் சிவப்பு அடித்து, ஓட விட்டாள். திரையில் ஒன்றுமே இல்லை.

"எங்கக்கா என் படம்?"

"கண்ணை மூடு. உங்க கோச் மூஞ்சி தெரியுதா?"

"தெரியுது. திட்டுறாரு."

"எனக்குத் தெரியலையே."

அவ்வளவுதான் பாடம். திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போனவளுக்குச் சோறு சாப்பிடும்போது உறைத்தது. படம் இருக்கிறது, மெமரிக்குள் இருக்கிறது. இவள்தான் அதை வெளியே காட்டச் சொல்லவில்லை. சோத்துக் கையோடு ஓடிப்போய் ஒரு வரி சேர்த்தாள். திரை முழுக்கச் சிவப்பு.

அடுத்துப் பழகுவதற்கு ஒரு ஃபோட்டோ கொண்டு வரச் சொன்னாள் மெஹர். போன வருஷ ஆட்டத்தில் யாரோ எடுத்தது ஒன்று செண்பகத்திடம் இருந்தது. மூன்று பேர் தலைக்கு மேலே, அந்தரத்தில், காலை மடக்கிக்கொண்டு ஒரு தவளை.

இப்போது அந்தப் படம் இல்லை. திரைக்கு முகங்களைச் சேர்க்கும்போது ஏழு பேருக்குக் கீழே, மூலையில், தன்னையும் எட்டாவதாகப் போட்டாள். ஆட்டத்தில் இல்லாதவள்தானே என்று சாம்பல் அடித்தாள். அடித்ததை அந்த ஃபைல் மேலேயே சேமித்தும் விட்டாள். வேறு பிரதி எதுவும் அவளிடம் கிடையாது.

அன்று மெஹர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். தடுக்கவும் இல்லை.

மத்தியானம் மைதானத்தில் சோதனை ஓட்டம். வெயில் கொளுத்தியது. கோட்டைச்சாமி குடையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த முறை செண்பகம் நிஜமாகவே நகல் எடுக்கும்படி எழுதியிருந்தாள். ரோசலினை அவுட் ஆக்கினாள். சாம்பல். உள்ளே கூப்பிட்டாள்.

சாம்பல்.

"அந்தப் புள்ளைக்கு ரத்தசோகை மாதிரி இருக்கே," என்றார் கோட்டைச்சாமி. "நகைக்கடைக்காரருக்கு ஃபோன் போடவா?"

"கொஞ்சம் சும்மா இருங்க மாமா!"

மெஹர் கொய்யாப்பழம் கடித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

"இப்ப ரெண்டு படம் இருக்குக்கா. சத்தியமா ரெண்டு. இதைத் தொட்டா அது மாறல. நகல் சரியாத்தான் எடுக்குது."

"நகல் எப்ப எடுக்குது?"

"சாம்பல் அடிச்ச உடனே. ஒரு நொடி கூடத் தாமதிக்கல."

மெஹர் கடைசிக் கடி கடித்தாள். மிச்சம் இருந்த காம்பையும் விதையையும் செண்பகத்தின் உள்ளங்கையில் வைத்தாள்.

"இந்தா, முழுக் கொய்யா. உனக்காகப் பத்திரமா வெச்சிருந்தேன்."

செண்பகம் கையைப் பார்த்தாள். மெஹரைப் பார்த்தாள். தலையில் அடித்துக்கொண்டாள். கொய்யா விதை காதில் ஒட்டியது.

"அந்த வரி மேல இருக்கணும்! அடிக்கிறதுக்கு மேல!"

"கையைத் துடைச்சுட்டு லேப்டாப்பைத் தொடு," என்றாள் மெஹர்.

குழாயில் கை கழுவிவிட்டு வந்தபோது மெஹர் லேப்டாப்பில் ஒரு பென்டிரைவைச் செருகி ஏதோ தட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல. கை சும்மா இருக்க மாட்டேங்குது." பென்டிரைவைப் பிடுங்கிக்கொண்டாள்.

செண்பகம் அந்த ஒரு வரியை வெட்டி மேலே ஒட்டினாள். ரோசலின் போனாள். ரோசலின் வந்தாள். சிவப்புச் சட்டை, மஞ்சள் ரிப்பன், எல்லாக் கலரும் வந்தது.

கோட்டைச்சாமி குடையை மடக்கினார். "அட! உசுரு வந்துருச்சே பாப்பா!"

சாயங்காலம் கூட்டம் மரத்தின் மேலேகூட இருந்தது.

ஆட்டம் சூடு பிடித்தது. முதலில் ஒரு முகம் சாம்பலானது. அப்புறம் இன்னொன்று. ரோசலினும் போனாள். கடைசியில் திரையில் ஒரே ஒரு முகம்தான் கலரில் இருந்தது. ஆட்டத்தைப் பார்க்கிறவன் திரையைப் பார்த்தான், திரையைப் பார்க்கிறவன் ஆட்டத்தைப் பார்த்தான்.

அந்த ஒருத்தி பாடிப் போனாள். ரெண்டு பேரைத் தொட்டாள். மூன்று பேர் பிடித்து இழுக்க, நடுக்கோட்டை விரல் நுனியால் எட்டித் தொட்டாள். தொட்டதும் பிடித்ததுமாக எதிரணியில் ஐந்து பேர் அவுட்.

செண்பகம் விசையைத் தட்டினாள். ஒரு முகம் பூத்தது. தட்டினாள். இன்னொன்று. ரோசலின் எழுந்து உள்ளே ஓட, கூட்டம் திரையைப் பார்த்தே கத்தியது. தட்டத் தட்ட முகங்கள் வந்துகொண்டே இருந்தன. சிரிப்பை அடக்க முடியவில்லை. முட்டி வலி எங்கே போனதென்றே தெரியவில்லை.

ஜெயித்தார்கள்.

பிள்ளைகள் ஏழு பேரும் மண்ணும் வேர்வையுமாகத் திரைக்கு முன்னால் ஓடி வந்தார்கள். ஏழு முகமும் மேலே பளிச்சென்று நின்றது. மூலையில் மட்டும் ஒரு சாம்பல் சதுரம்.

"ஏய் தவளை!" ரோசலின் கத்தினாள். "எங்க எல்லாரையும் எழுப்பிவிட்டுட்டு நீ எதுக்குடி செத்த மாதிரி கிடக்கற? உன் படத்துக்குக் கலர் போடு!"

"என்னோடது வராதுடி. அசலே போச்சு."

தோளுக்குப் பின்னால் இருந்து ஒரு கை நீண்டது. ஒரு விசையைத் தட்டியது.

மூலையில் இருந்த சதுரம் விரிந்தது. விரிந்து விரிந்து திரை முழுக்க நிறைந்தது. மூன்று பேர் தலைக்கு மேலே, அந்தரத்தில், காலை மடக்கிக்கொண்டு, சிவப்புச் சட்டையில் ஒரு தவளை.

மரத்தில் இருந்தவன்தான் ஆரம்பித்தான்.

"தவளை! தவளை! தவளை!"

ஏழு பேரும் ஓடி வந்து அவளை முட்டி படாமல் தூக்கினார்கள். தூக்கிய உயரத்தில் இருந்தே செண்பகம் திரும்பிக் கத்தினாள்.

"அக்கா! நான்தான் அதைக் கெடுத்துட்டேனே! இதை எப்ப எடுத்து வெச்சீங்க?"

"நீ சாம்பல் அடிக்கிறதுக்கு முன்னாடி," என்றாள் மெஹர்.