மூன்றாவது தோள்

ஒரு ராஜா பல்லக்கில் ஏறினார் என்றால் நம்பலாம். பல்லக்கைத் தூக்கினார் என்றால்? பல வருஷமாக நான் இதை நம்பவில்லை. சொன்னவர் எங்கள் ஊர்க் கோயிலில் சப்பரம் தூக்கும் இசக்கியப்பன். தோள் கொடுக்கிறவர்கள் தோளைப் பற்றிக் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள் என்று விட்டுவிட்டேன். கதை இதுதான்.

வெகு காலத்துக்கு முன்னால் மருதவள நாட்டைச் செண்பகமாறன் என்ற ராஜா ஆண்டுவந்தார். நினைத்ததை நினைத்த நேரத்தில் செய்கிறவர். மகனுக்கு முடிசூட்ட நாள் குறித்த கையோடு அவையில் கேட்டார்: "எனக்குப் பிறகும் இந்த ஜனங்களுக்கு ராஜா வேண்டுமா?"

அவையில் மூத்தவரான வைரவநாதர் வீடுவீடாகக் கேட்டுவர ஆள் அனுப்பினார். போனவர்கள் கையில் ஈட்டி இருந்தது. மூன்றே நாளில் ஓலை வந்துவிட்டது. வைரவநாதர் தெருத்தெருவாகப் பெயர்களை வாசித்து முடித்தார்.

"ஒருவர் விடாமல் ராஜா வேண்டும் என்கிறார்கள், அரசே. இளவரசருக்குத் தங்களுடையதைவிடப் பெரிய பல்லக்காகச் செய்துவிடலாம்."

வாசலில் நின்ற மாசாணன் சிரித்துவிட்டான். ராஜாவின் பல்லக்கை முன்னால் தூக்குகிறவன் அவன்.

"என்னடா சிரிப்பு?" என்றார் வைரவநாதர்.

"எங்க தெருவில மூணு பேரு போன வருஷமே செத்துப் போயிட்டாங்க, சாமி. அவங்களும் வேணும்னு சொல்லிட்டாங்க போல."

"ராஜத்துரோகம். இவனை நாடு கடத்த வேண்டும், அரசே."

ராஜாவுக்கு வேடிக்கையாக இருந்தது. "ஜனங்கள் மனசு உனக்குத் தெரியுமோ? நாளைப் பொழுது சாய்வதற்குள் எனக்குக் காட்டு. இல்லையென்றால் குடும்பத்தோடு எல்லையைத் தாண்டிவிடு."

மாசாணன் மனைவிக்கு நிறைமாதம். எல்லை ஏழு நாள் நடை. சிரித்த வாயைத் திட்டிக்கொண்டே போனவன், மாலையில் ராஜா பல்லக்கிலிருந்து இறங்கும்போது காதருகே சொன்னான்: "உள்ளே உக்காந்தா ஜனங்க குனிஞ்ச முதுகுதான் தெரியும், மகாராசா. தூக்குறவனுக்கு முகம் தெரியும். எங்க முன்னால யாரும் பேச்சை நிறுத்த மாட்டாங்க. எங்களை ஆளா நினைச்சாத்தானே. நாளைக்கு ஒரு நாள் எங்களோட தோள் குடுத்துப் பாருங்க."

மறுநாள் பல்லக்கு கிளம்பியது. மாசாணனுக்குப் பின்னால் மூன்றாவது ஆளாக, முண்டாசு கட்டி, முகத்தில் கரி பூசி, ராஜா. திரைக்குள்ளே ஒரு பெரிய பூசணிக்காய். வைரவநாதருக்கு இது தெரியாது. திரையோடு பேசிக்கொண்டே வந்தார்.

"பாருங்கள் அரசே, தங்களைக் கண்டு ஆனந்தக் கண்ணீர் விடுகிறார்கள்." புழுதி விழுந்த கண்ணைத்தான் ஜனங்கள் துடைத்துக்கொண்டிருந்தார்கள். நடுநடுவே பிரம்பால் மூன்றாவது ஆளின் முழங்காலில் ஒரு தட்டு. "ஆடாமல் நட. உள்ளே இருப்பது யார் தெரியுமா?"

"தெரியும், சாமி" என்றார் ராஜா. மாசாணன் உதட்டைக் கடித்துக்கொண்டு நடந்தான்.

மோர்ப்பந்தலில் பல்லக்கை இறக்கினார்கள். வைரவநாதர் நிழல் தேடி மண்டபத்துக்குள் போய்விட்டார். மோர் ஊற்றிய பேச்சி திரையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பினாள்.

"ராஜா வேணுமா, வேண்டாமாம்மா?" என்று மூன்றாவது ஆள் கேட்டார்.

"யாருக்குத் தெரியும்? நான் கும்பிடுறது திரையை. எங்கம்மா கும்பிட்டதும் இதே திரையைத்தான். ஏரிக்கரை உடைஞ்சப்ப ஊரே மண்ணு சுமந்துது. அவரு ஒரு கூடை தூக்கியிருந்தா வேணும்னு சொல்லலாம். வேண்டாம்னு சொல்றதுக்குக்கூட ஆளைக் கொஞ்சம் தெரிஞ்சிருக்கணும்ல? நீ குடி. உனக்குத் தோள் குடுத்து வழக்கமில்ல போலிருக்கு, ரத்தம் கட்டியிருக்கு."

ராஜா மோரைக் குடித்துவிட்டு மறுபடி தோள் கொடுத்தார். பேச்சி திட்டியிருந்தால்கூடச் சமாளிக்கலாம், இது என்ன பதில் என்று மாசாணன் மனசுக்குள் மூட்டை கட்டத் தொடங்கிவிட்டான்.

அரண்மனை முற்றத்தில் வைரவநாதர் பணிவாகத் திரையை விலக்கினார். பூசணிக்காய் உருண்டு அவர் காலடியில் வந்து நின்றது.

"நாள் முழுக்க இதனிடம் பேசிக்கொண்டு வந்தீரே, வைரவநாதரே" என்று மூன்றாவது ஆள் முண்டாசை அவிழ்த்தார். "இது என்ன சொல்கிறது? ராஜா வேண்டுமாமா?"

கூடியிருந்தவர்கள் முதலில் பயந்தார்கள். ராஜாவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததும் முற்றம் அதிர்ந்தது. வைரவநாதர் ஒரு மாதம் மூன்றாவது தோளாக நடக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. பிரம்பு மாசாணன் கைக்கு வந்தது. அவன் அதை வீட்டு அவரைக்கொடிக்குக் கொழுகொம்பாக நட்டுவிட்டான்.

"உனக்கு என்ன வேண்டும், கேள்."

"இளவரசருக்கு என் பக்கத்துல ஒரு நாள் இடம் குடுங்க, மகாராசா."

ராஜா அதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டார். இனி எவன் முடிசூடுவதானாலும் முதலில் நாலு தெருவும் பல்லக்குத் தூக்க வேண்டும். தோள் கொடுக்காதவனுக்கு முடி கிடையாது.

முடிசூட்டு நாளில் இளவரசன் வேர்த்து விறுவிறுத்து மோர்ப்பந்தலுக்கு வந்து சேர்ந்தான். "இப்ப சொல்லு, ராஜா வேணுமா?" என்றான் மாசாணன். "அவசரப்படாதே. தம்பி முதல்ல குடிக்கட்டும்" என்று பேச்சி பெரிய செம்பாக எடுத்தாள். அன்று மாலை மாசாணன் வீட்டில், சொந்தக் கூரையின் கீழே, பெண் குழந்தை பிறந்தது.

போன திருவிழாவில் சப்பரத்தை இறக்கிவைத்துவிட்டு இசக்கியப்பன் தோளைத் துடைத்துக்கொண்டிருந்தார். காய்த்துக் கறுத்திருந்த அந்தத் தோளைப் பார்த்துக்கொண்டே, இத்தனை வருஷமாகக் கேட்காததைக் கேட்டேன்.

"ராஜா தூக்கினதை நம்புறேன், அண்ணே. தூக்க மாட்டேன்னு சொன்ன முதல் ராஜா யாரு?"