டிரம்மில் அடித்த ஓடிபி

வேப்பங்கரை ஜெயஜோதி பேண்ட் செட்டில் மூன்றே பேர். டிரம்பெட் ஊதும் மாஸ்டர் ஆரோக்கியசாமி, கிளாரினெட் சம்மனசு, பெரிய டிரம் இருளப்பன். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு மூளை என்று ஊரில் சொல்வார்கள். அந்த ஒன்றையும் நான் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை டவுனில் ஜவுளிக்கடைக்காரர் மகள் கல்யாணம். எந்த மண்டபம் என்பதைச் செட்டின் வாட்ஸ்அப்புக்கு அனுப்புவதாகப் பேச்சு. இதையும் கோட்டை விட்டால் இனி ஒருத்தனும் கூப்பிட மாட்டான். செட்டைக் கலைத்துவிட்டு மூட்டை தூக்கத்தான் போக வேண்டும்.

இந்த நேரம் பார்த்தா சைபர் போலீஸ் அம்மா ஊருக்கு வந்து கூட்டம் போட வேண்டும்! "தெரியாத நம்பர் வந்தா எடுக்காதீங்க. கண்ட லிங்க்ல விரலை வைக்காதீங்க. ஓடிபியை யார் கேட்டாலும் வாயைத் திறந்து சொல்லாதீங்க" என்றார். மூவரும் பயபக்தியோடு கேட்டுக்கொண்டார்கள். அதுதான் வினை.

மறுநாள் காலை செட்டின் போனில் ஒரு தெரியாத நம்பர். எடுக்கவில்லை. சாயங்காலம் மறுபடி அடித்தது.

"மாஸ்டர், காலைல வந்த அதே நம்பர்" என்றான் சம்மனசு.

"அப்போ தெரிஞ்ச நம்பர்தானே? எடுடா."

எடுத்தான். "போன் கம்பெனிலேர்ந்து பேசறேன். உங்க வாட்ஸ்அப் இன்னியோட கட். லிங்க் அனுப்பியிருக்கேன், அமுக்குங்க" என்றது குரல்.

"ஐயோ, கல்யாணம் போச்சே!" என்று மாஸ்டர் தலையில் கை வைத்தார். "ஆனா விரல் படக்கூடாது."

இருளப்பன் டிரம் குச்சியால் தட்டிப் பார்த்தான். லிங்க் அசைந்து கொடுக்கவில்லை. கடைசியில் சம்மனசு மூக்கால் அமுக்கினான்.

ஓடிபி வந்தது. "அந்த ஆறு நம்பரைச் சொல்லுங்க" என்றான் திருடன்.

"உயிரே போனாலும் வாயைத் திறக்க மாட்டோம்!" என்று மாஸ்டர் முழங்கினார்.

திருடன் போனை வைக்கத்தான் போனான். அதற்குள் இருளப்பனுக்கு மனசு இளகிவிட்டது. "பாவம் மாஸ்டர், நமக்காகக் காத்துக் கிடக்கார். வாயைத் திறக்காம டிரம்முல அடிச்சுக் காட்டிரவா?"

மாஸ்டர் கண்ணை மூடி யோசித்தார். "அடிக்கக் கூடாதுன்னு அந்தம்மா சொல்லலையே. சரி, பூஜ்ஜியம் வந்தா?"

"டிரம் மேல இருக்கிற சிங்கியை ஒரு தட்டு தட்டிருவோம்."

அடித்தான். "நடுவுல வந்தது அஞ்சா ஆறா? இன்னொரு தடவை அடிங்க" என்றான் திருடன்.

இருளப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒன்ஸ்மோர் கேக்குறாரு மாஸ்டர்! இந்த ஊர்ல ஒரு பய கேட்டிருப்பானா?"

இரண்டாவது தடவை இன்னும் அழகாக அடித்தான். வாட்ஸ்அப் திருடன் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

வியாழக்கிழமை வந்தும் மண்டபம் எதுவென்று தெரியவில்லை. "நம்ம நம்பர்லயே கேட்டுப் பார்ப்போம். நமக்குத் தெரியாமலா இருக்கும்?" என்று சம்மனசு தன் சொந்த போனிலிருந்து செட்டின் நம்பருக்கு மெசேஜ் போட்டான்.

"முதல்ல அட்வான்ஸ் அனுப்பு" என்று பதில் வந்தது.

மாஸ்டர் தொடையைத் தட்டினார். "பார்த்தியா! அட்வான்ஸ் வாங்காம பேசவே மாட்டான். அசல் நாமேதான்டா!"

பெரிய டிரம்மை அடகு வைத்து அனுப்பினார்கள். "காலைல டவுன் பஸ் ஸ்டாண்ட்ல நில்லுங்க. ஜெயஜோதி செட்டே வந்து கூட்டிட்டுப் போகும்" என்று மெசேஜ் வந்தது. "என்ன இருந்தாலும் நம்மளைப் போல மனுசங்க கிடைப்பாங்களா!" என்று நெகிழ்ந்துபோனார் மாஸ்டர்.

வெள்ளிக்கிழமை விடியும்போதே சிவப்புக் கோட்டு, தங்க ஜரிகைத் தொப்பி சகிதம் மூவரும் பஸ் ஸ்டாண்டில் நின்றார்கள். முகூர்த்தம் நெருங்கியது. பேண்ட் செட்டைக் காணோமே என்று தேடிக்கொண்டு கல்யாண வீட்டு டிரைவர் வேனில் வந்து இறங்கினார். கோட்டையும் தொப்பியையும் பார்த்ததும் அவருக்கு உயிர் வந்தது.

"நீங்கதானே ஜெயஜோதி பேண்ட் செட்டு? சீக்கிரம் ஏறுங்க!"

மாஸ்டர் கையெடுத்துக் கும்பிட்டார். "இல்லைங்க தம்பி, அவங்க இன்னும் வரல. நாங்களும் அவங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு நிக்கிறோம்."