தொட்டிக்குள் விடாத மழை

நல்லசிவத்தின் அம்மா இறந்துபோனாள். அண்ணன் அவனுக்குச் சொல்லி அனுப்பவில்லை. எல்லாம் முடிந்த பிறகு, குருவோடு ஊர் சுற்றும் வழியில் கண்ட ஒரு வளையல்காரர் சொல்லித்தான் தெரிந்தது. அன்று முதல் ஊரைப் பார்த்துக் குருவையும் முந்திக்கொண்டு நடந்தான். சீடனுக்கு அது அழகில்லை. அவனுக்கு உறைக்கவே இல்லை.

ஊர் நெருங்கும்போது குரு பாதையை விட்டு ஒரு பாழடைந்த கோட்டைக்குள் நுழைந்தார்.

"இங்கே பூமிக்குள்ள பழைய தண்ணீர்த் தொட்டி ஒண்ணு இருக்கு. பார்த்துட்டுப் போகலாம்."

"தொட்டி எங்கேயும் ஓடிப்போகாது சுவாமி."

"உன் அண்ணனும்தான்."

படி இறங்கினார்கள். கல்தூண்கள் இருட்டுக்குள் வரிசையாகப் போயின. தண்ணீர் கணுக்கால் அளவுதான் கிடந்தது. கோட்டை முற்றத்தில் பெய்யும் மழை ஒரு துவாரம் வழியாக உள்ளே வந்தால்தான் சுற்றுவட்டாரத்துக்கே குடிதண்ணீர்.

அவர்கள் மேலே வரவும் மழை பிடித்தது. காவல்காரர் சடையாண்டி ஓடிப்போய்த் துவாரத்தைக் கட்டையால் இறுக்கி அடைத்தார். தண்ணீர் முற்றத்தைத் தாண்டி வெளியே ஓடியது.

நல்லசிவம் பதறினான். "தொட்டி காஞ்சு கிடக்கு. வர்ற தண்ணியை அடைக்கிறீங்களே."

"மொத மழைய உள்ள விடமாட்டோம் சாமி. முத்தத்துல ஒரு வருசத்து அழுக்கு கெடக்கு. கல்லக் கழுவட்டும்."

மூவரும் மண்டபத்தில் ஒதுங்கினார்கள். குரு சீடனைப் பார்த்தார்.

"அண்ணன்கிட்ட என்ன கேட்கப் போறே?"

"நீயெல்லாம் மனுஷனான்னு கேட்பேன். கொள்ளி வைக்கும்போது தம்பி ஒருத்தன் இருக்கிற நினைப்பு வந்துதான்னு கேட்பேன்."

"அப்புறம்?"

அவன் சொல்லிக்கொண்டே போனான். சின்ன வயதில் அண்ணன் பிடுங்கிக்கொண்ட பம்பரம் வரைக்கும் வந்துவிட்டான். ஒவ்வொன்றுக்கும் குரு, "அப்புறம்?" என்றார். மழைச் சத்தத்தில் பாதி வசவு சடையாண்டியின் காதில் விழவில்லை. விழுந்த பாதிக்கே அவருக்குக் கூச்சமாக இருந்தது.

ஒரு கட்டத்தில் நல்லசிவத்துக்குச் சொல்ல எதுவும் மிச்சமில்லை.

சடையாண்டி எழுந்துபோய், ஓடும் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார். பிறகு கட்டையைப் பிடுங்கினார். கீழே தொட்டிக்குள் தண்ணீர் விழத் தொடங்கியது.

"இப்போ சொல்லு," என்றார் குரு. "அண்ணன்கிட்ட என்ன கேட்பே?"

நல்லசிவம் அழுதான்.

"அம்மா கடைசியில என்னைத் தேடினாளான்னு கேட்கணும் சுவாமி."

"புறப்படு," என்றார் குரு. "அங்கே அவனும் பக்கத்துல உட்கார்ந்து அழ ஆளில்லாம இருப்பான்."