தலைகீழாய் ஒரு குளம்

இலைகள் உதிர்கிற மாசி மாதம். ஒரு காட்டில், ஒரு குரங்கு கையில் கேமராவோடு குளக்கரையில் உட்கார்ந்திருந்தது.

குரங்குக்குக் கேமரா ஏது என்று கேட்பீர்கள். காட்டைப் படம் எடுக்க வந்த ஒருவர் தெரியாமல் தேன்கூட்டில் கையை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அவருக்குக் கேமராவைப் பற்றி யோசிக்க நேரமில்லை.

வேறு குரங்காக இருந்தால் அதைக் கடித்துப் பார்த்துவிட்டு எறிந்திருக்கும். இது கெட்டிக்காரக் குரங்கு. எந்தப் பொத்தானை அழுத்தினால் படம் விழும், எதை அழுத்தினால் படம் அழியும் என்று இரண்டே நாளில் தெரிந்துகொண்டது. கெட்டிக்காரத்தனத்தோடு கொஞ்சம் பெருமையும் உண்டு. கொஞ்சம் என்பது மரியாதைக்குச் சொல்வது.

"யானையையும் மலையையும் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். நான் இந்தக் குளத்தை எடுப்பேன். அதிலும் ஓர் ஓரத்தை மட்டும்தான் எடுப்பேன்," என்று அது எல்லாரிடமும் சொல்லிக்கொண்டது.

முதலில் அல்லி இலையின் ஓட்டையை எடுத்தது. பிறகு கோரைத் தண்டில் ஒட்டியிருந்த நீர்க்குமிழியை எடுத்தது. அதெல்லாம் கை பழக.

அதன் ஆசையெல்லாம் எதிர்க்கரை மேல் இருந்தது. அங்கே ஒரு முள்ளிலவ மரம் இலை அத்தனையும் உதிர்த்துவிட்டு, கிளை நிறையச் சிவப்புப் பூக்களோடு நின்றது. மரத்தடியில் கோரை பழுத்து மஞ்சளாகியிருந்தது. கரையை ஒட்டித் தண்ணீரில் பத்துப் பன்னிரண்டு பாசிக் குவியல்கள் வரிசையாக மிதந்தன. காற்று நின்றால் இத்தனையும் தண்ணீருக்குள் இன்னொரு முறை தெரியும்.

காற்று நிற்க வேண்டுமே! குரங்கு மூன்று நாள் காத்திருந்தது. தட்டான் தண்ணீரைத் தொட்டால் தட்டானைத் திட்டியது. தவளை குதித்தால் தவளையின் தாத்தாவரைக்கும் திட்டியது.

நான்காம் நாள் காலையில் காற்று நின்றது. குரங்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு பொத்தானை அழுத்தியது.

படத்தைப் பார்த்ததும் அதற்குத் தலைகால் புரியவில்லை. மேலே மரம், கீழேயும் மரம். மேலே பூ, கீழேயும் பூ. எது மரம், எது பிம்பம் என்று எடுத்த குரங்குக்கே சந்தேகம் வந்தது. தண்ணீரின் நடுவில் ஒரே ஒரு பழுத்த இலை மிதந்துகொண்டிருந்தது.

அப்போது ஒரு முக்குளிப்பான் அந்தப் பக்கமாக நீந்தி வந்தது. முக்குளிப்பான் என்பது வாத்தைவிடச் சிறிய நீர்ப்பறவை. ஆபத்து வந்தால் தண்ணீருக்குள் முங்கி வேறோர் இடத்தில் எழும்.

"தங்கச்சி, இங்கே வந்து பார்! என் படத்தில் நீயும் இருக்கிறாய்!" என்று குரங்கு கத்தியது.

முக்குளிப்பான் கரைக்கு வந்து பார்த்தது. படத்தின் இடது ஓரத்தில், கடைசிப் பாசிக் குவியலின் மேல் அது உட்கார்ந்திருந்தது.

அந்தக் குவியல்தான் அதன் கூடு. உள்ளே நான்கு முட்டைகள் இருந்தன. கூட்டைவிட்டுப் போகும்போதும், தலைக்கு மேல் சிறகடிப்பு கேட்டாலும் அழுகிய பாசியை இழுத்து முட்டைகளை மூடிவிட்டு, ஓசைப்படாமல் முங்கித்தான் அது போகும். எது கூடு, எது வெறும் பாசி என்று யாருக்கும் தெரியாது. ஒரு காகம் ஒரு வாரமாகக் கிளைக்குக் கிளை உட்கார்ந்து தேடியும் அதனால் கண்டுபிடிக்க முடியவில்லை.

முக்குளிப்பான் வாயைத் திறப்பதற்குள் அந்தக் காகமே தலைக்கு மேல் வந்து உட்கார்ந்துவிட்டது.

"குரங்கு அண்ணா! படத்தில் முக்குளிப்பான்கூட இருக்கிறதாமே? எனக்கும் காட்டுங்களேன். இந்தக் காட்டில் படம் பார்க்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்."

குரங்குக்கு வாயெல்லாம் பல். "வா, வா! நாலு பேருக்குக் காட்டத்தானே எடுத்தேன்!"

காட்டாதே என்று முக்குளிப்பான் சொல்லலாம். சொன்னால் குரங்கு ஏன் என்று கேட்கும். அதற்குச் சொல்லும் பதில் காகத்தின் காதில் விழுந்தால் முட்டைகளின் கதை முடிந்தது. முக்குளிப்பான் குரங்கின் காதருகே கழுத்தை நீட்டியது.

"அண்ணா, இந்தக் காகத்துக்குப் படத்தைப் பற்றி என்ன தெரியும்? கேமராவைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டுங்கள். அதுகூடத் தெரியாமல் ஏமாந்துபோனால், உங்கள் படத்துக்கு ஈடே இல்லை என்று அர்த்தம்."

குரங்குக்கு இந்த யோசனை மிகவும் பிடித்துவிட்டது. கேமராவைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தது. படத்தில் மேல் கீழாயிற்று. இடது ஓரம் வலது ஓரமாயிற்று. மேலும் கீழும் ஒன்றுபோல இருந்ததால், புதிதாகப் பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது.

காகம் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தது. "அடடா! மரத்திலிருந்து விழுகிற இலையை வானத்திலேயே நிறுத்திவிட்டீர்களே! இதற்கு எவ்வளவு வேகமான கை வேண்டும்!"

தண்ணீரில் மிதந்த இலைதான் இப்போது வானத்தில் தெரிந்தது. குரங்கு சிரிப்பை அடக்கத் தன் வாலைக் கடித்துக்கொண்டது.

காகத்தின் வாய் இலையைப் புகழ்ந்தது. கண்ணோ வலது ஓரத்துக் கடைசிக் குவியலில் இருந்தது. அங்கே ஒரு முக்குளிப்பான் உட்கார்ந்திருக்கிறதே! அது போதும் காகத்துக்கு. போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் பறந்தது.

குளத்தின் வலது ஓரத்தில் இறங்கி, கடைசிக் குவியலைக் கிளறத் தொடங்கியது. அதன் அடியில் ஒரு முரட்டு ஆமை குடியிருப்பது முக்குளிப்பானுக்குத் தெரியும். காகத்துக்குத் தெரியாது. தூக்கம் கெட்ட ஆமை, காகத்தின் காலை வெடுக்கென்று கவ்வியது.

காகம் போட்ட கூச்சலில் குளத்துப் பறவைகள் எல்லாம் எழுந்து பறந்தன. காலை எப்படியோ பிடுங்கிக்கொண்டு அது மரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

குரங்கு கரையில் விழுந்து புரண்டு சிரித்தது. "வானத்தில் இலையாம்! வேகமான கையாம்! அது சரி, அந்தப் பாசியில் போய் அது எதைத் தேடியது?"

"என் முட்டைகளை," என்றது முக்குளிப்பான். பிறகு எல்லாவற்றையும் சொன்னது.

குரங்கின் சிரிப்பு நின்றது. "நான் நேராகக் காட்டியிருந்தால்?"

"நான்கும் இந்நேரம் அதன் வயிற்றில் இருக்கும்."

"என்னிடம் முன்பே சொல்லியிருக்கலாமே!"

"நாலு பேருக்குக் காட்டத்தானே எடுத்தேன் என்கிறவரிடமா?"

குரங்கு கேமராவை மடியில் கவிழ்த்து வைத்தது.

"அண்ணா, வலி அடங்கியதும் அந்தக் காகம் யோசிக்கும். படத்தைப் பார்க்க மறுபடி வரும்," என்றது முக்குளிப்பான்.

"மூன்று நாள் காத்திருந்தேன், தங்கச்சி. இப்படி ஒரு படம் எனக்கு இனி வராது."

"தெரியும். அழகான படம்தான்." அதற்கு மேல் எதுவும் கேட்காமல் முக்குளிப்பான் தன் கூட்டுக்குத் திரும்பிப் போனது.

குரங்கு படத்தை நேராக ஒரு முறை பார்த்தது. தலைகீழாக ஒரு முறை பார்த்தது. அதற்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே பொத்தானை அழுத்தியது.

சாயங்காலம் காகம் நொண்டிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு குவியலாகக் கிளறிப் பார்க்க இனி அதற்குத் துணிச்சல் இல்லை.

"குரங்கு அண்ணா, அந்தப் படத்தை இன்னொரு தடவை காட்டுங்கள். அதைப்போல ஒரு படத்தை நான் பார்த்ததே இல்லை!"

குரங்கு கேமராவைத் துடைத்துக்கொண்டே சொன்னது: "அதுவா? அது சரியாக வரவில்லை. அழித்துவிட்டேன்."

நீதி: கண்ணில் பட்டதை எல்லாம் நாலு பேருக்குக் காட்டிவிடக் கூடாது, அதில் இன்னொருவர் உயிர் இருக்கலாம்.