கிழக்குப் பக்கத்துத் தகரம்

"இன்னைக்கு ஒரு நாள் விளக்க ஏத்த வேண்டாம் சாமி" என்றார் பலவேசம்.

கரையிலிருந்து வெகுதூரம் தள்ளி, பாறைக் கூட்டத்தின் நடுவே நின்றது அந்தக் கலங்கரை விளக்கம். அதைப் பார்த்துக்கொள்பவர் சாமி. பலவேசம் அவருடைய சீடர். வயது என்னவோ சீடருக்குத்தான் அதிகம்.

"ஏன் அண்ணாச்சி?"

"கிழக்கே வருது பாருங்க, அது கொம்பையா தோணி. என் தம்பி அதுலதான் வேலை பார்த்தான். கடல்ல தவறி விழுந்தவனுக்காக அந்தப் பாவி தோணியத் திருப்பவே இல்ல. பாறையில மோதிச் சாகட்டும்."

சாமி திட்டவில்லை. புத்திமதியும் சொல்லவில்லை, அவருக்கு அந்தப் பழக்கமே கிடையாது.

"மத்த தோணிக்காரங்க என்ன செய்வாங்க?"

பலவேசம் தலையைச் சொறிந்தார்.

"கொம்பையாவுக்கு மட்டும் வெளிச்சம் தெரியாம ஏத்த முடியுமான்னு பாருங்க."

குருவே உத்தரவு கொடுத்துவிட்டார் என்று பலவேசத்துக்கு ஒரே சந்தோஷம். மேலே ஓடி விளக்கை ஏற்றினார். கூரைக்கு வாங்கி வைத்திருந்த தகரத்தைத் தூக்கி வந்து, கிழக்குப் பக்கத்தை மட்டும் மறைத்தார்.

பொழுது நன்றாக இருட்டிவிட்டது. மூன்று பக்கமும் வெளிச்சம். கிழக்கே ஒன்றும் தெரியவில்லை.

கீழே படகு தள்ளும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தார். அரிக்கேன் விளக்கைப் படகில் வைத்துக்கொண்டு, சாமி கிழக்கே துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார்.

"எங்க சாமி போறீங்க?"

"இந்தப் பக்கம் இருட்டா இருக்கு அண்ணாச்சி. ஒரு விளக்கு வேணும்ல."

"உங்களுக்கு மாலைக்கண்ணாச்சே! பாறை தெரியாதே!"

"தெரியலதான்."

படகு எதிலோ மோதிய சத்தம் வந்தது. அரிக்கேன் அணைந்தது.

பலவேசம் விளக்கருகே ஓடினார். விளக்குச் சூட்டில் பழுக்கக் காய்ந்திருந்த தகரத்தை வெறுங்கையால் பிடுங்கி எறிந்தார்.

வெளிச்சம் கிழக்கே பாய்ந்தது. கவிழ்ந்த படகின் பக்கத்தில், ஒரு பாறையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சாமி நின்றார். அதற்கு அப்பால் கொம்பையாவின் தோணி சட்டென்று வளைந்து ஆழக்கடல் பக்கம் விலகிப் போனது.

அந்த வெளிச்சத்தில் பாறைகளைப் பிடித்துப் பிடித்து, சாமி சொட்டச் சொட்ட நனைந்து வந்து சேர்ந்தார். பலவேசம் அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"உங்களுக்காகத்தான் எடுத்தேன் சாமி. அவனுக்காக இல்ல."

சாமி வேட்டியைப் பிழிந்தார்.

"நாளைக்கு அவன் இதே வழியாத்தான் திரும்புவான். நான் மறுபடி படகு தள்ளணுமா அண்ணாச்சி?"